பழவேற்காட்டில் ஆப்பிள் காய்க்குமா?

(இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி., தாவரவியல்)

எங்கள் குப்பத்தில் ஆப்பிளுக்கு ‘ஆசுபத்திரிப் பழம்’ என்று பெயர். யாராவது நோயில் படுத்துவிட்டால், பொன்னேரிக்கோ சென்னைக்கோ பார்க்கப் போகிறவர் கையில் ஒரு ரொட்டிப் பொட்டலமும் நான்கு ஆப்பிளும் இருக்கும். மற்ற நாட்களில் அந்தப் பழத்துக்கும் எங்களுக்கும் உறவில்லை. அப்படிப்பட்ட ஊரில், 2023ஆம் ஆண்டுக் கோடையில் ஒரு செடி வியாபாரி மூன்று சக்கர வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தார். ரோஜா, செம்பருத்தி, கறிவேப்பிலை ஆகியவற்றுக்கு நடுவே முழங்கால் உயரத்தில் ஒரு குச்சி. அதில் ஏழெட்டு இலைகள். “காஷ்மீர் ஆப்பிள். தொட்டியில் வெச்சாலே போதும், ஒரே வருஷத்துல காய்க்கும்” என்றார். அன்று நண்டு விற்ற காசில் அம்மா அதை வாங்கிவிட்டார்.

வாங்குவதற்கு முன் என்னைப் பார்த்து அம்மா ஒரு கேள்வி கேட்டார். “நீ செடியப் பத்திப் படிக்கப் போறியே, இது காய்க்குமா?” நான் பிளஸ் டூ முடித்துக் கல்லூரிக்கு விண்ணப்பம் போட்டிருந்த நேரம். “காய்க்கும்மா” என்று சொல்லிவிட்டேன். தாவரவியல் வகுப்பில் கால் வைப்பதற்கு முன்பே நான் வழங்கிய முதல் தாவரவியல் தீர்ப்பு அது. அந்தத் தீர்ப்பு சரியா தவறா என்று இரண்டாண்டுகளாகத் தேடியதன் கணக்கையே இங்கு நண்பர்கள் முன்பும் பேராசிரியப் பெருமக்கள் முன்பும் வைக்கிறேன்.

முதலில், மரத்தை ஏன் தொட்டியில் வைக்க வேண்டும்? நிலம் இல்லையா? நிலம் இருக்கிறது. ஆனால் அதன் அடியில் இருப்பது வேறு. பழவேற்காடு ஏரி, ஒடிசாவின் சில்கா ஏரிக்கு அடுத்தபடியாக இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரி. அதன் பெரும்பகுதி ஆந்திரத்தில் உள்ளது; தென்கோடிதான் நம்முடையது. ஆரணி ஆறும் காளங்கி ஆறும் மழைக்காலத்தில் நன்னீரைக் கொண்டுவந்து கொட்டும். கோடையில் ஆறுகள் வற்றி, முகத்துவாரத்தை மணல் அடைத்துவிட்டால், வெயிலில் காய்ந்து காய்ந்து ஏரியின் சில பகுதிகள் கடலைவிட அதிகமாகக் கரிக்கும். எங்கள் குப்பம் இந்த ஏரிக்கும் வங்கக் கடலுக்கும் நடுவே கிடக்கும் மணல் மேட்டில் இருக்கிறது. இரண்டு பக்கமும் உப்பு.

அப்படியானால் குடிக்கத் தண்ணீர்? மணல் மேட்டில் ஓர் ஆள் இடுப்பளவு தோண்டினால் ஊற்று வரும், அது இனிக்கும். சிறு வயதில் இதை நான் ஏதோ அம்மன் அருள் என்றே நினைத்திருந்தேன். இதற்கு ஒரு விதி உண்டு என்பதைக் கல்லூரி நூலகத்தில்தான் அறிந்தேன். மழைநீர் மணலில் இறங்கும்போது, கீழே இருக்கும் உப்புநீரோடு உடனே கலந்துவிடுவதில்லை. நன்னீரின் அடர்த்தி 1.000, கடல்நீரின் அடர்த்தி 1.025. ஆகவே இலேசான நன்னீர், கனமான உப்புநீரின் மேல் ஒரு கண்ணாடி வில்லை போல மிதக்கிறது. கடல் மட்டத்துக்கு மேல் 1 அடி நன்னீர் இருந்தால், மட்டத்துக்குக் கீழே ஏறத்தாழ 40 அடி வரை நன்னீர் இருக்கும். 1889 வாக்கில் கைபன் என்னும் ஒல்லாந்துப் பொறியாளரும், 1901இல் ஹெர்ஸ்பெர்க் என்னும் ஜெர்மானியரும் தனித்தனியே இதைக் கண்டு சொன்னார்கள். ஒல்லாந்தர் 1613இல் பழவேற்காட்டில் ஜெல்டிரியா கோட்டையைக் கட்டி, நெடுங்காலம் சோழமண்டலக் கரையில் தம் தலைமையிடமாக வைத்திருந்தார்கள். அவர்கள் விட்டுச் சென்ற கல்லறைகளைப் பார்க்கத்தான் வெளியூர்க்காரர்கள் வருகிறார்கள். அந்நாட்டுக்காரர் ஒருவர் சொன்ன இந்த விதியோ எங்கள் ஊற்றுக்குள்ளேயே இருக்கிறது.

விதியின் மறுபக்கமும் உண்டு. 1 அடிக்கு 40 அடி லாபம் என்றால், 1 அடி இறைத்தால் 40 அடி நட்டம். அளவுக்கு மீறி இறைத்தால் அடியிலிருந்து உப்பு மேலேறி வரும். எங்கள் தெருவில் கைப்பம்பு தண்ணீர் பங்குனி மாதத்துக்கு மேல் பல் துலக்கக்கூட ஆகாமல் போவது இதனால்தான். ஆழமாக வேர்விடும் ஒரு பழமரத்தை இந்த மணலில் வைத்தால், அது மழைக்காலம் முழுதும் இனிய நீரைக் குடித்துத் தழைக்கும். கோடையில் வேர் கீழே போகப் போக உப்பைத் தொடும். தென்னைக்கு அது பொருட்டில்லை. ஆப்பிளோ உப்பை மிகக் குறைவாகவே பொறுக்கும் மரங்களின் வரிசையில் நிற்பது. ஆகவே தொட்டி வேண்டும். வேருக்கும் உப்புக்கும் நடுவே ஒரு சுவர் எழுப்புவதே தொட்டியின் வேலை.

எங்கள் வீட்டில் தொட்டி என்று தனியாக ஒன்றும் கிடையாது. 200 லிட்டர் நீல நிறப் பிளாஸ்டிக் டிரம் இரண்டு இருந்தன. அதில் ஒன்றை அப்பா குறுக்கே அறுத்துப் பாதியாக்கினார். நல்ல தண்ணீர் பிடித்து வைக்கும் டிரம் ஒன்று குறைந்துபோயிற்றே என்று ஆயா இரண்டு நாள் பேசவில்லை. ஆயாவின் கோபம் எவ்வளவு நியாயமானது என்பது பின்னால் கணக்குப் போட்டபோதுதான் எனக்குப் புரிந்தது.

டிரம்மில் மண் நிரப்புவதில் நான் செய்த முதல் தவறு, வாசலில் கிடந்த மணலையே அள்ளிப் போட்டது. எங்கள் மணல் வெறும் மணல் அன்று. பாதி கிளிஞ்சல் துகள். அதைச் சிறிது கல்லூரி ஆய்வுக்கூடத்துக்கு எடுத்து வந்து நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலம் ஒரு சொட்டு விட்டேன். சோடா போலப் பொங்கிற்று. சுண்ணாம்பு, அதாவது கால்சியம் கார்பனேட். இத்தகைய காரமண்ணில் இரும்புச் சத்து இருந்தாலும் கரையாது. வேரால் அதை எடுக்க முடியாது. ஆப்பிள் விரும்புவதோ சற்றே அமிலம் கலந்த மண், பி.எச். 6 முதல் 6.5 வரை. முதல் மாதத்திலேயே எங்கள் செடியின் இளந்தளிர்கள் வெளுத்து, நரம்பு மட்டும் பச்சையாக நின்ற காரணம் அன்று விளங்கியது.

அடுத்த தவறு தேங்காய் நார்க்கழிவு. அது இலேசானது, ஈரம் பிடிக்கும், நல்லதுதான். ஆனால் நாரிலேயே உப்பு உண்டு; உவர்நீரில் ஊறவைத்த நாராக இருந்தால் இன்னும் அதிகம். மூன்று நான்கு முறை நல்ல தண்ணீரில் அலசிப் பிழிந்த பிறகே போட வேண்டும். இறுதியில் பொன்னேரிப் பக்கத்துச் செம்மண் இரண்டு பங்கு, மக்கிய சாணம் ஒரு பங்கு, அலசிய நார்க்கழிவு ஒரு பங்கு என்று கலந்தபோதுதான் செடிக்கு உயிர் வந்தது. இரண்டு மூட்டை செம்மண்ணைப் பேருந்தில் ஏற்றி வந்த கதையை நடத்துனர்தான் சொல்ல வேண்டும்.

டிரம்மைவிட மலிவான தொட்டி எங்கள் ஊரில் உண்டு. மீனுக்கு ஐஸ் போடும் தெர்மோகோல் பெட்டி. கருப்புத் தொட்டியும் நீல டிரம்மும் சித்திரை வெயிலில் சூடேறி வேரை அவித்துவிடும். தெர்மோகோல் சூட்டை உள்ளே விடாது. கத்திரி, மிளகாய், கீரைக்கு அதைவிட நல்ல தொட்டி வேறில்லை. ஆனால் மரத்தின் பாரத்தை அது தாங்காது. இரண்டு கோடையில் உதிர்ந்து வெள்ளை மணிகளாக ஏரியில் போய்ச் சேரும். மடவை மீனின் வயிற்றில் அந்த மணி இருந்ததை நானே பார்த்திருக்கிறேன். ஆகவே மரத்துக்கு அதை நான் சொல்ல மாட்டேன். டிரம்மைச் சுற்றிப் பழைய கோணியைக் கட்டி, அதன் மேல் பனையோலைத் தட்டியைச் சாய்த்தாலே சூடு தணிந்துவிடும். எங்கள் ஊரில் பனையோலைக்குப் பஞ்சமில்லை. கூடை முடையும் பெண்களிடம் மிச்ச ஓலை எப்போதும் கிடைக்கும்.

இனி, இக்கட்டுரையின் மையமான செய்திக்கு வருகிறேன். தொட்டி உப்பைத் தடுக்கும் சுவர் என்று மேலே சொன்னேன். அதே தொட்டி உப்பைச் சேர்த்து வைக்கும் பாத்திரமும் ஆகும். 2024 கோடையில், லாரித் தண்ணீர் வராத நாட்களில் அம்மா கைப்பம்பு நீரைச் செடிக்கு ஊற்றியிருக்கிறார். “கொஞ்சந்தானே ஊத்தினேன், உப்புனு வாயில வெச்சாத்தான் தெரியுது” என்றார். மே மாதக் கடைசியில் இலை விளிம்புகள் எல்லாம் நெருப்புப் பட்டதுபோல் கருகின. மூன்று புட்டிகளில் லாரித் தண்ணீர், ஊற்று நீர், கைப்பம்பு நீர் ஆகிய மூன்றையும் எடுத்து வந்து, வேதியியல் பேராசிரியரின் அனுமதியுடன் ஒவ்வொன்றிலும் சில்வர் நைட்ரேட் சொட்டுகள் விட்டேன். முதல் இரண்டில் இலேசான பால் நிறம். மூன்றாவதில் தயிர் போல வீழ்படிவு. குளோரைடு!

கொஞ்சம் உப்பு எப்படிப் பெருந்தீங்கு ஆகும் என்பதற்கு ஒரு கணக்கு. ஒரு சதுர மீட்டர் பரப்புக்கு நிழல் தரும் சிறு மரம், கோடையில் நாளொன்றுக்கு 6 மில்லிமீட்டர் நீரை இலை வழியே வெளியேற்றுவதாக வைத்துக்கொண்டால், அது 6 லிட்டர். ஊற்றும் நீரில் லிட்டருக்கு 1 கிராம் உப்பு மட்டும் இருப்பதாகக் கொள்வோம். நாக்கில் வைத்தால் இலேசாகத்தான் தெரியும். இலை நீரை மட்டுமே ஆவியாக்கும். உப்பில் பெரும்பகுதி மண்ணிலேயே தங்கிவிடும். நாளொன்றுக்கு 6 கிராம் என்றால் 60 நாளில் 360 கிராம். எங்கள் அரை டிரம் மண் தன்னுள் பிடித்துவைக்கும் நீர் சுமார் 25 லிட்டர். 360 கிராமை 25 லிட்டரால் வகுத்தால் லிட்டருக்கு 14 கிராமுக்கு மேல். கடல்நீரில் லிட்டருக்கு 35 கிராம். அதாவது, இனிப்பும் கரிப்புமாக இருந்த நீரை ஊற்றி ஊற்றி, இரண்டே மாதத்தில் கடலின் ஐந்தில் இரண்டு பங்கு உப்பை வேரடியில் உண்டாக்கிவிட்டோம்! வெளியே கோடையில் ஏரிக்கு நேர்வது எதுவோ, அதுவே எங்கள் வாசலில் அரை டிரம்முக்குள் நேர்ந்தது. இரண்டுக்கும் காரணம் ஒன்றே: நீர் போகிறது, உப்பு நிற்கிறது. வேரைவிட வெளியே உப்பு மிகும்போது சவ்வூடு பரவலால் நீர் உள்ளே வர மறுக்கும். ஈரத்தில் நின்றுகொண்டே செடி தாகத்தால் வாடும்.

இதற்கு மருந்து மருந்துக்கடையில் இல்லை. டிரம்மின் அடியில் விரல் நுழையும் ஓட்டைகள் பத்துப் பன்னிரண்டு இருக்க வேண்டும். டிரம் தரையில் படாமல் மூன்று செங்கல் மேல் நிற்க வேண்டும். ஒவ்வொரு முறையும் நல்ல தண்ணீர் ஊற்றும்போது ஐந்தில் ஒரு பங்கு அடிவழியே வெளியே ஓட வேண்டும். அது வீண் அன்று, உப்பை வெளியேற்றும் கூலி. மிச்ச வேலையை வடகிழக்குப் பருவமழை செய்யும். சென்னை வட்டாரத்தில் ஆண்டு மழை 1200 மில்லிமீட்டருக்கு மேல். எங்கள் டிரம்மின் வாயகலம் 57 சென்டிமீட்டர். பரப்பு கால் சதுர மீட்டர். ஆக, ஆண்டுக்கு 300 லிட்டர் மழைநீர் அதற்குள் இலவசமாக விழுகிறது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது எங்கள் தெருவெல்லாம் வெள்ளம். அம்மா டிரம்மைத் தூக்கித் திண்ணையில் வைத்துக் கோணியால் மூடியிருந்தார். அந்தக் கோணியை எடுத்திருக்க வேண்டும் என்பது இப்போது தெரிகிறது. ஒரு வருட உப்பைக் கழுவும் மழையைக் குடைபிடித்துத் தடுத்துவிட்டோம்.

உப்பை வென்றோம் என்றே வைத்துக்கொள்வோம். மரம் டிரம்முக்குள் அடங்குமா? ஆப்பிளின் முன்னோர் மத்திய ஆசியாவின் தியான்ஷான் மலைக்காட்டில் வளர்பவை. தம் போக்கில் விட்டால் முப்பது அடிகூடப் போகும். அதைக் குறுக்கும் வித்தை வேரில் இருக்கிறது. நல்ல ஆப்பிள் செடி எதுவும் விதையிலிருந்து வருவதில்லை; விதை தாயைப் போலப் பழம் தராது. ஒரு வேர்ச்செடியின் மேல் வேண்டிய ரகத்தின் குச்சியை ஒட்டுகிறார்கள். மரத்தின் உயரத்தைப் பெரிதும் தீர்மானிப்பது அந்த வேர்ச்செடியே. இங்கிலாந்தின் கென்ட் மாவட்டத்தில் 1913இல் தொடங்கிய ஈஸ்ட் மாலிங் ஆராய்ச்சி நிலையத்தில் இவ்வேர்ச்செடிகளைத் தரம் பிரித்து எண் கொடுத்தார்கள். எம். 9 குள்ளமானது, எம். 27 அதைவிடக் குள்ளம், ஆள் உயரத்தில் நின்றுவிடும். உலகில் தொட்டியில் ஆப்பிள் வளர்ப்பவர்கள் பெரும்பாலும் இத்தகைய குள்ள வேரையே நாடுகிறார்கள்.

இதைப் படித்த அன்று மாலை வீட்டுக்குப் போனதும் முதல் வேலையாக எங்கள் செடியின் அடித்தண்டைத் தடவிப் பார்த்தேன். ஒட்டுப்போட்ட செடியில் அடியில் ஒரு முடிச்சு, ஒரு வளைவு, தோல் நிறத்தில் ஒரு வேறுபாடு இருக்கும். எங்கள் செடியில் ஒன்றுமில்லை. வழவழவென்று மண்ணிலிருந்து நுனி வரை ஒரே தண்டு. அது விதைக்கன்றாகவே இருக்க வேண்டும். வியாபாரி கெட்டவர் என்று நான் நினைக்கவில்லை. அவரிடம் விற்றவர் சொன்னதை அவர் நம்மிடம் சொல்லியிருக்கலாம். நண்பர்கள் யாரேனும் செடி வாங்கினால் இலையைப் பார்க்க வேண்டாம். அந்த முடிச்சைப் பாருங்கள். முடிச்சு இருந்தாலும் ஒன்று போதாது. ஆப்பிளில் பெரும்பாலான ரகங்கள் தம் மகரந்தத்தைத் தாமே ஏற்பதில்லை. வேறொரு ரகம் அதே நாளில் பக்கத்தில் பூத்திருக்க வேண்டும். ஆக, இரண்டு டிரம்.

எல்லாவற்றையும்விடப் பெரிய தடை குளிர். ஆப்பிளின் பூமொட்டு ஒரு கோடையிலேயே உருவாகி, அடுத்த வசந்தம் வரை உறங்குகிறது. அந்த உறக்கத்தைக் கலைப்பது வெப்பமன்று, குளிர். 0 முதல் 7 டிகிரி செல்சியஸ் வரையுள்ள குளிரில் இத்தனை மணி நேரம் நின்றேன் என்று மொட்டு தனக்குள் கணக்கு வைத்துக்கொள்கிறது. ரெட் டெலிசியஸ் போன்ற ரகங்களுக்கு அது 800 முதல் 1200 மணி வரை. கணக்கு நிறையாவிட்டால் மொட்டு திறக்காது. கிளையின் நுனியில் மட்டும் இலைக் கொத்து வந்து, நடுவெல்லாம் மொட்டையாக நிற்கும். எங்கள் மரத்தைப் பார்த்து, “தொடப்பத்தத் தலகீழா நட்டாப்புல இருக்குது” என்று ஆயா சொல்வது இந்தக் குறியைத்தான்.

சென்னை நுங்கம்பாக்கம் வானிலை நிலையம் தன் வரலாற்றிலேயே பதிவு செய்த மிகக் குறைந்த வெப்பநிலை 13.9 டிகிரி, 1895லும் 1905லும். அங்கிருந்து ஐம்பது அறுபது கிலோமீட்டர் வடக்கே, இரண்டு பக்கமும் நீர் சூழ்ந்த எங்கள் ஊரில் 7 டிகிரியை யார் கண்டார்கள்? ஐரோப்பியர் பழமரத்தைத் தொட்டியில் வைத்தது நேர் எதிரான காரணத்துக்கு. பிரான்சில் வெர்சேல்ஸ் அரண்மனையில் பதினான்காம் லூயி மன்னர் ஆரஞ்சு மரங்களை மரப்பெட்டிகளில் வளர்த்தார். குளிர்காலம் வந்தால் பெட்டியோடு கட்டடத்துக்குள் கொண்டுபோவார்கள்; வெயில் வந்தால் வெளியே. அங்கே தொட்டி குளிரிலிருந்து தப்பிக்கும் வண்டி. நமக்கோ குளிரைத் தேடிப் போக வேண்டியிருக்கிறது. வண்டி இருந்தும் போக இடமில்லை.

இதைக் கேட்ட என் தம்பி, “ஐஸ் பெட்டியில வெச்சா என்னக்கா?” என்றான். சிரித்தேன். பிறகு யோசித்தால், அவன் சொன்னது தவறில்லை. ஆராய்ச்சியாளர்கள் தொட்டிச் செடிகளைக் குளிர் அறையில் வைத்துத்தான் எந்த ரகத்துக்கு எத்தனை மணிக் குளிர் வேண்டும் என்று அளக்கிறார்கள். தரையில் நிற்கும் மரத்தை அப்படிச் செய்ய முடியாது. தொட்டிக்கு இது ஒரு பெருமை. ஆனால் 800 மணி என்பது 33 நாள். 33 நாள் ஐஸ் வாங்கும் காசில், குப்பம் முழுவதும் ஆசுபத்திரிக்குப் போகாமலே ஆப்பிள் தின்னலாம்.

குளிர் குறைந்த நாட்டில் ஆப்பிளே இல்லையா என்றால், இருக்கிறது. நம் கொடைக்கானலில் 2100 மீட்டர் உயரத்தில் ‘பார்லின்ஸ் பியூட்டி’ என்னும் ரகத்தைத் தேர்ந்து பரப்பினார்கள். இஸ்ரேலில் உருவான ‘அன்னா’, பஹாமாஸ் தீவில் கண்டெடுத்த ‘டார்செட் கோல்டன்’ ஆகியவற்றுக்கு இரண்டு மூன்று நூறு மணிக் குளிரே போதும். ஒன்றுக்கொன்று மகரந்தமும் தரும். இமாசலப் பிரதேசத்தில் பிலாஸ்பூர் மாவட்டத்து உழவர் ஹரிமன் சர்மா, வெப்பம் மிக்க தாழ்ந்த மலையடிவாரத்தில் காய்க்கும் ஒரு ரகத்தைத் தேர்ந்தெடுத்தார். எச்.ஆர்.எம்.என். 99 என்று அதற்குப் பெயர். அவருக்கு 2025இல் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. அங்கும் கோடை நாற்பது டிகிரியைத் தாண்டும். ஆனால் அங்கே தை மாதம் உண்மையான தை மாதம். எங்கள் ஊர்த் தை மாதத்தில் நாங்கள் மின்விசிறி போட்டுக்கொண்டு படுக்கிறோம்.

என்னை மிகவும் கவர்ந்தது இந்தோனேசியாவின் கிழக்கு ஜாவாவில் உள்ள பத்து என்னும் மலையூர். நிலநடுக்கோட்டுக்கு அருகே இருப்பதால் அங்கே குளிர்காலமே கிடையாது. இருந்தும் ஆண்டுக்கு இரண்டு முறை ஆப்பிள் பறிக்கிறார்கள்! அறுவடை முடிந்து ஏறத்தாழ ஒரு மாதத்தில், மரத்தின் இலைகளையெல்லாம் கையாலேயே உருவிப் போடுகிறார்கள். கிளைகளை வளைத்துப் படுக்கையாகக் கட்டுகிறார்கள். மொட்டு ஆழ்ந்து உறங்கப்போகும் முன்பே அதைத் தட்டி எழுப்பும் தந்திரம் இது. உறங்கவே விடாவிட்டால் எழுப்பக் குளிர் எதற்கு? ஆனால் பத்து ஊர் ஆயிரம் மீட்டர் வாக்கில் மலைமேல் இருப்பது. நம் மே மாத வெயிலை அந்த மரங்கள் அறியமாட்டா.

இப்போது ஆயாவின் கோபத்துக்குத் திரும்புவோம். எங்கள் குடம் 15 லிட்டர். ஒரு மரத்துக்குக் கோடையில் நாளொன்றுக்கு 6 லிட்டர் என்றால், சித்திரை, வைகாசி இரண்டு மாதத்துக்கு 24 குடம். உப்பைக் கழுவும் கூலி தனி. மகரந்தத்துக்காக இரண்டாவது மரமும் வைத்தால் 48 குடம். ஒவ்வொரு குடமும் அம்மாவோ நானோ வரிசையில் நின்று, மணலில் கால் புதைய இடுப்பில் சுமந்து வருவது. அரிசி கழுவிய நீர், காய்கறி அலசிய நீர் இவற்றைச் சேர்த்தால் பாதி குறையும். மீன் கழுவிய நீரும் சோப்பு நீரும் ஆகா, இரண்டிலும் சோடியம். எப்படிப் பார்த்தாலும், ஏரிக்கரையில் தொட்டி மரத்தின் விலை செடிக்குக் கொடுத்த காசு அன்று, இந்தக் குடங்களே. “காய்க்கும்மா” என்று நான் ஒரு சொல்லில் சொன்னதற்கு அம்மா சுமந்தது அவ்வளவு.

அத்தனை குடத்துக்குத் தகுதியான மரம் எது என்று தேடியபோது ஒரு வேடிக்கை நேர்ந்தது. சந்தையில் ‘ஆப்பிள் இலந்தை’ என்று ஒன்று விற்கிறார்கள். பெயரில்தான் ஆப்பிள், பச்சை நிறம், பெரிய காய், கடித்தால் மொறுமொறுப்பு. உண்மையில் அது நம் இலந்தையின் ஒட்டு ரகம். வறட்சியைத் தாங்கும், உப்பையும் ஆப்பிளைவிடப் பன்மடங்கு பொறுக்கும், குளிர் கேட்காது. ஆண்டுதோறும் கிளையை ஒட்ட வெட்டிவிடுவதே அதன் முறை. ஆகவே டிரம்முக்குள் அடங்கும். 2024 ஆடியில், அறுத்த டிரம்மின் மறுபாதியில் அதை வைத்தேன். வைப்பதற்கு முன் அடித்தண்டில் முடிச்சு இருக்கிறதா என்று ஆயாவே தடவிப் பார்த்தார். முதல் தை மாதத்திலேயே முப்பதுக்கு மேல் காய் பறித்தோம். சப்போட்டாவும் மாதுளையும்கூட எங்கள் கரைக்கு ஏற்றவையே. பக்கத்து வீட்டில் மாதுளை வைத்திருக்கிறார்கள்.

ஆப்பிளை என்ன செய்வது என்று அம்மாவிடம் எல்லாக் கணக்கையும் சொன்னேன். அன்று நான் சொன்னது தவறு, காய்க்காது என்று சொல்ல எனக்குச் சங்கடமாக இருந்தது. அம்மா நண்டை வலையிலிருந்து கழற்றிக்கொண்டே கேட்டார். பிறகு, “அந்த ஊர்ல எலையப் புடுங்குறாங்கன்னியே, புடுங்கித்தான் பாரேன்” என்றார். பொங்கல் கழிந்த மறுநாள் நானும் தம்பியும் ஓர் இலை விடாமல் உருவினோம். நான்கு கிளைகளையும் வலைக்கயிற்றால் வளைத்து டிரம்மின் விளிம்பில் கட்டினோம். அப்பா போட்ட முடிச்சு, அவிழாது.

இருபத்திரண்டு நாள் கழித்துக் கிளையின் நடுவே, இதுவரை மொட்டையாக இருந்த இடங்களிலும் மொட்டு உப்பியது. இதை எழுதும் இன்று வரை பதினொரு மொட்டுகள் விரிந்திருக்கின்றன. பதினொன்றும் இலை மொட்டுகள்.